கேள்வி கேட்காத கருவி: தானியங்கி வெளியீட்டில் வேர்செல் கட்டளை வரி

கட்டளை வரிக் கருவி ஒன்றை மதிப்பிடுபவர்களிற் பெரும்பாலோர், மனிதர் ஒருவர் திரைக்கு முன்னால் இருந்து தட்டச்சு செய்யும்போது அது எவ்வளவு இணக்கமாக நடந்துகொள்கிறது என்பதையே பார்க்கிறார்கள். நிறம் தீட்டிய எழுத்துகளும், வேலை நடப்பதைக் காட்டும் சுழல் குறியும், ‘இந்தக் கோப்புறையை எந்தச் செயற்றிட்டத்தோடு இணைக்க வேண்டும்?’ என்ற கேள்வியும் கைவேலைக்கு நல்லவைதாம். அதே கருவி, நிரல் மாற்றங்களைத் தானாகவே சோதித்து வெளியிடும் சி.ஐ. எனப்படும் தொடர் ஒருங்கிணைப்பு ஓட்டத்துக்குள் போனதும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. அங்கே அதன் பேச்சைக் கேட்பது இன்னொரு நிரல் மட்டுமே. ஆகவே அது கேட்க வேண்டியதை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஒழுங்கான இடத்தில் சொல்லி, தோற்றால் தோற்றதாக ஒப்புக்கொண்டு வெளியேற வேண்டும். இணையத்தளங்களைக் கட்டி வெளியிடும் சேவையை வழங்கும் வேர்செல் நிறுவனத்தின் கட்டளை வரிக் கருவியை இங்கே அந்த ஓர் அளவுகோலைக் கொண்டே அளக்கிறேன்.

கிளிநொச்சியை மையமாகக் கொண்ட எமது சிறு குழு, கமக்காரர் அமைப்புகளின் பயன்பாட்டுக்காக ஓர் இணையத்தளத்தை இலவசமாகப் பராமரிக்கிறது. குளத்தின் நீர்மட்டம், சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்ட விதைப்புப் பரப்பு, வாய்க்கால் வாரியாக நீர் திறக்கும் திகதிகள் ஆகியவை அதிலே வெளிவரும். காலபோகத்தை மழை பார்த்துக்கொள்ளும். சிறுபோகமோ குளத்திலே தேங்கிய நீரை நம்பியது. எவ்வளவு ஏக்கர் விதைக்கலாம் என்பதே கூட்டத்து முடிவைப் பொறுத்தது என்பதால், முடிவு வந்த அன்றே பக்கம் மாற வேண்டும். நிரல் எழுதுபவர்களில் ஒருவர் புதுக்குடியிருப்பில் இருக்கிறார், இன்னொருவர் வவுனியாவில் இருக்கிறார்; இருவருமே பெரும்பாலும் கைத்தொலைபேசியின் இணைப்பைப் பகிர்ந்தே வேலை செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் தானியங்கி வெளியீடு ஆடம்பரம் அன்று. 2022ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டதை இந்நாட்டில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் காற்று சற்று பலமாக வீசினாலே மின்சாரமும் இணைப்பும் சேர்ந்து போய்விடும் கிராமங்கள் வன்னியில் உண்டு. மடிக்கணினியிலிருந்து நேரடியாக டிப்ளோய் செய்பவர், அதாவது தளத்தை வெளியிடுபவர், கோப்புகள் முழுவதும் மேலேறி முடியும்வரை இணைப்பைக் கட்டிக் காக்க வேண்டும். சி.ஐ. ஊடாகச் செய்பவரோ கொமிட் எனப்படும் சில கிலோபைற் அளவான மாற்றப் பதிவு ஒன்றை, நிரல் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் சேவைக்குத் தள்ளிவிட்டால் போதும். அதன்பின் மின்சாரம் நின்றாலும் சார்புகளை (நிரல் நம்பியிருக்கும் பிறர் நிரல்தொகுப்புகளை) இறக்குவது, கட்டுவது, அனுப்புவது எல்லாம் தொலைவிலுள்ள ஓட்டியில், அதாவது சி.ஐ. வேலைகளை இயக்கும் கணினியில், நடந்து முடியும். எமக்கு இக்கருவியின் மதிப்பு இங்கேதான் தொடங்குகிறது.

வேர்செலைக் கிட்ஹப்போடு நேரடியாக இணைத்துவிட்டால், கட்டளை வரிக் கருவி இல்லாமலேயே ஒவ்வொரு புஷ்ஷுக்கும், அதாவது நிரலைத் தள்ளும் ஒவ்வொரு முறையும், வெளியீடு நடக்கும் என்பது உண்மைதான். ஒரேயொரு பக்கத்தைத் தனியாளாகப் பராமரிப்பவருக்கு அதுவே போதுமானது. அவர் இந்த மதிப்பாய்வை வாசிக்கத் தேவையில்லை. பரிசோதனைகள் தேறிய பின்னரே வெளியீடு நடக்க வேண்டும், கட்டும் சூழல் தம் கையில் இருக்க வேண்டும், மூலநிரல் வெளிச் சேர்வருக்குப் போகக்கூடாது என்று நினைப்பவர்களுக்குத்தான் கட்டளை வரி தேவைப்படுகிறது.

கருவியின் சிறப்பு, ஒரே மூச்சில் நடக்கக்கூடிய வேலையை மூன்று தனிக் கட்டளைகளாகப் பிரித்திருப்பதில் உள்ளது. ‘வேர்செல் புல்’ என்பது செயற்றிட்டத்தின் அமைப்புகளையும், நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகளான சூழல் மாறிகளையும் இறக்கி, புள்ளியில் தொடங்கும் பெயருடைய வேர்செல் கோப்புறைக்குள் வைக்கிறது. ‘வேர்செல் பில்ட்’ அவற்றைக் கொண்டு ஓட்டியிலேயே தளத்தைக் கட்டி, விளைவை அதே கோப்புறையின் அவுட்புட் என்னும் உட்கோப்புறையில் வைக்கிறது. ‘வேர்செல் டிப்ளோய்’ கட்டளையை ‘ப்ரீபில்ட்’ என்ற தெரிவோடு இயக்கினால், கட்டிமுடிந்த அந்த விளைவு மட்டும் மேலே போகும், மூலநிரல் போகாது. கட்டுவதும் அனுப்புவதும் பிரிந்து நிற்பதால், இரண்டுக்கும் இடையே நாம் விரும்பிய பரிசோதனையைச் செருகலாம். நாங்கள் அந்த இடைவெளியில், நீர் திறக்கும் அட்டவணையில் எந்த வாய்க்காலுக்கும் திகதி விடுபடவில்லை என்று சரிபார்க்கும் சிறு நிரல் ஒன்றை ஓடவிடுகிறோம். அது தேறாவிட்டால் மூன்றாவது கட்டளை இயங்குவதே இல்லை.

கைவேலையின்போது கருவி கேட்கும் கேள்விகள் சி.ஐ.யில் எங்கே போகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். மடிக்கணினியில் முதன்முறை இயக்கும்போது, எந்தக் கணக்கு, எந்தச் செயற்றிட்டம் என்று கேட்டு அந்த விடைகளை மேற்சொன்ன கோப்புறையில் எழுதிவைக்கும். அக்கோப்புறையைக் கிட் களஞ்சியத்தில் சேர்க்கக்கூடாது என்பதால், புறக்கணிப்புப் பட்டியலில் தானாகவே அதன் பெயரைச் சேர்த்தும் விடும். ஆகவே ஓட்டிக்கு அந்த விடைகள் எட்டுவதில்லை. நிறுவன அடையாள எண்ணையும் செயற்றிட்ட அடையாள எண்ணையும் இரண்டு சூழல் மாறிகளாகவும், கடவுச்சொல்லுக்குப் பதிலான அனுமதிச் சாவியாகிய டோக்கனை ஒரு தெரிவாகவும் கொடுத்து, ‘யெஸ்’ என்ற தெரிவையும் சேர்த்துவிட்டால் கருவி வாய் திறக்காமல் வேலையைத் தொடங்கும். எண்கள் இரண்டையும் எங்கே தேடுவது என்று புதியவர்கள் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். மடிக்கணினியில் ஒருமுறை இணைத்த பின் அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் செயற்றிட்ட ஜேசன் கோப்பைத் திறந்தால் இரண்டும் அருகருகே கிடக்கும்.

இக்கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பண்பு அதன் வெளியீட்டு ஒழுக்கம். டிப்ளோய் கட்டளை எத்தனையோ வரிகளைத் திரையில் ஓடவிட்டாலும், நியம வெளியீட்டுக்கு (மற்ற நிரல்கள் வாசிக்கும் வழிக்கு) அது அனுப்புவது ஒன்றே ஒன்று: புதிய வெளியீட்டின் முகவரி. முன்னேற்றச் செய்திகளும் எச்சரிக்கைகளும் பிழைகளும் நியமப் பிழை எனப்படும் தனி வழியாகப் போகின்றன. பதிவை விரித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் கலந்து தெரியும். கட்டளையின் விளைவை ஒரு மாறியில் பிடித்து அச்சிட்டுப் பார்த்தாற்றான், அத்தனை ஆரவாரத்துக்குப் பின்னாலும் மாறிக்குள் முகவரி தவிர வேறெதுவும் ஒட்டாமல் இருப்பது புலப்படும். வரிகளை வெட்டவோ வடிகட்டவோ வேண்டியதில்லை. கட்டளை முடியும்போது தரும் வெளியேற்றக் குறியீடு சுழியம் அல்லாத எதுவாக இருந்தாலும் பிழை நேர்ந்திருக்கிறது என்பதும் ஆவணத்திலே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தோற்ற பின்னரும் பச்சைக் குறியைக் காட்டி ஏமாற்றும் கருவிகள் உள்ள உலகத்தில், இந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த முகவரியை நாங்கள் எடுத்து, மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்குவெஸ்ட்டின் கீழே கருத்தாக இடுகிறோம். அதே முகவரி அமைப்பின் செயலாளருக்கும் போகிறது. “தம்பி, மூண்டாம் வாய்க்காலுக்குத் திகதி பிழையா நிக்குது, மாத்திப்போட்டு விடுங்கோ” என்று அவர் வயலில் நின்றபடியே அழைத்துச் சொல்வார். நாங்கள் “ஓம் ஐயா” என்று திருத்தி மறுபடி தள்ளுவோம். நிரல் தெரியாத ஒருவர் வெளியீட்டுக்கு முன்னரே பிழையைப் பிடிக்கிறார் என்றால், அதற்கு வழிவிட்டது ஒற்றை வரியாய் வந்த அந்த முகவரி. இதைப் பின்பற்ற விரும்புவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்கும் செயற்றிட்டங்களில், மெய்யாக வெளியிடுமுன் பார்ப்பதற்கான முன்னோட்ட முகவரிகளை வேர்செல் கணக்கில் உள்நுழைந்தவர் மட்டுமே திறக்கக்கூடியவாறு பாதுகாப்பு இயல்பாகவே இடப்பட்டிருக்கும். பொதுமக்கள் பார்க்க வேண்டிய உள்ளடக்கம் என்றால், செயற்றிட்ட அமைப்புக்குள் போய் அதனை முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது.

‘ப்ரீபில்ட்’ வழிக்கு ஒரு விலையும் உண்டு. வேர்செல் தன் சேர்வரில் தானே கட்டும்போது, கிளையின் பெயர், கொமிட் அடையாளம் போன்ற விபரங்களைத் தொகுதிச் சூழல் மாறிகளாகத் தானே நிரப்பிக் கொடுக்கிறது. ஓட்டியில் நாம் கட்டும்போது, கட்டும் நேரத்தில் அவை கிடைப்பதில்லை. பக்கத்தின் அடியில் பதிப்பு எண்ணைக் காட்டுவது, முன்னோட்டமா, மக்கள் காணும் மெய்வெளியீடா என்று பார்த்துத் தேடுபொறிகளைத் தடுப்பது போன்றவற்றை அந்த மாறிகளை நம்பி எழுதியவர்கள், அதே விபரத்தைக் கிட்ஹப்பின் சி.ஐ. சேவையான கிட்ஹப் அக்சன்ஸ் தரும் மாறிகளிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆவணத்தில் இந்த எச்சரிக்கை இருக்கிறதெனினும், அந்தத் தெரிவைத் தேடிப் படிப்பவர் கண்ணில் மட்டுமே படும் இடத்தில் இருக்கிறது. கட்டும்போதே கருவி ஒரு வரி எச்சரித்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும்.

அதேவேளை இன்னோர் இடத்தில் கருவி சரியாகவே தடுத்து நிற்கிறது. முன்னோட்டத்துக்கென்று கட்டிய விளைவை மெய்வெளியீடாக அனுப்ப முயன்றால், இது அந்த இலக்குக்காகக் கட்டப்பட்டதன்று என்று சொல்லி மறுத்துவிடும். இரண்டு கட்டளைகளிலும் ‘ப்ரொட்’ தெரிவு பொருந்த வேண்டும். பரிசோதனைத் தரவுத்தளத்தின் முகவரியோடு கட்டிய பக்கம் விவசாயிகளின் கைக்குப் போய்ச் சேராமல் காப்பது இந்தப் பிடிவாதம்தான்.

இரகசியங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘வேர்செல் புல்’ இறக்கும் சூழல் மாறிகள், தரவுத்தளக் கடவுச்சொல் உட்பட, ஓட்டியின் வட்டில் வெறும் எழுத்துக் கோப்பாக எழுதப்படுகின்றன. கிட்ஹப்பின் இரகசியப் பெட்டியில் இட்டவற்றைப் பதிவிலே நட்சத்திரக் குறிகளால் மறைக்கும் வசதி, இப்படி இறக்கப்பட்டவற்றுக்குப் பொருந்தாது. அவை இரகசியம் என்பதே கிட்ஹப்புக்குத் தெரியாது. ஓட்டி ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகப் பிறந்து முடிந்ததும் அழிந்துபோவதால், ஒரே வேலைக்குள் மூன்று கட்டளைகளும் ஓடினால் ஆபத்து குறைவு. கட்டுவதை ஒரு வேலையாகவும் அனுப்புவதை இன்னொரு வேலையாகவும் பிரிக்கும்போதுதான் கவனம் வேண்டும். ஒன்றின் விளைவை மற்றொன்றுக்குக் கொடுக்கக் கிட்ஹப்பின் ஆர்ட்டிபக்ட் (வேலை ஒன்று விட்டுச்செல்லும் கோப்புத் தொகுதி) ஏற்றும் செயலியைப் பயன்படுத்துவோம். அது 2024ஆம் ஆண்டிலிருந்து, புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளையும் கோப்புறைகளையும் இயல்பாகவே விட்டுவிடுகிறது. வேர்செல் கோப்புறையின் பெயரும் புள்ளியில்தான் தொடங்குகிறது. எனவே, கோப்பு எதுவும் அகப்படவில்லை என்ற எச்சரிக்கை மட்டும் மிஞ்சும், அடுத்த வேலை வெறுங்கையோடு தொடங்கும்.

தேடிப் பார்ப்பவர்கள் மறைகோப்புகளையும் சேர்க்கும் தெரிவை இட்டுவிட்டு, வேர்செல் கோப்புறை முழுவதையும் ஏற்றிவிடுவார்கள். வேலை நடக்கும். ஆனால் அவுட்புட் உட்கோப்புறைக்கு வெளியே, அதே வேர்செல் கோப்புறைக்குள் இறக்கிவைத்த சூழல் மாறிகளும் சேர்ந்தே ஏறியிருக்கும். களஞ்சியம் பொதுவானதாக இருந்தால், கிட்ஹப் கணக்கு உள்ள எவரும் அந்த ஆர்ட்டிபக்டை இறக்கிப் பார்க்கலாம். ஆகவே ஏற்றும்போது அவுட்புட் உட்கோப்புறையை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். முடியுமானால் வேலையைப் பிரிக்காமலே விடுங்கள். கிட்ஹப் ஒவ்வொரு வேலையின் நேரத்தையும் அடுத்த முழு நிமிடத்துக்கு உயர்த்திக் கணக்கிடுவதால், தனியார் களஞ்சியத்தில் பிரிப்பது நிமிடங்களையும் விழுங்கும்.

டோக்கன் விடயத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. உருவாக்கும்போது அது எந்தக் குழுவுக்குச் செல்லுபடியாகும், எப்போது காலாவதியாகும் என்பவற்றைத் தெரிவு செய்யலாம், அது நல்லது. ஆனால் அந்த எல்லைக்குள், டோக்கனை உருவாக்கியவர் செய்யக்கூடியவற்றையெல்லாம் டோக்கனும் செய்யும். வெளியீட்டுக்கு மட்டும் அனுமதி, அழிப்பதற்கு அனுமதி இல்லை என்று நறுக்கிக் கொடுக்கவே ஒரு சி.ஐ. ஓட்டத்துக்கு விரும்புவேன். கிளவுட்பிளேயர் நிறுவனத்தின் ராங்லர் கருவி இந்த இடத்தில் முந்தி நிற்கிறது. அங்கே டோக்கனுக்கு எந்தச் சேவையில் வாசிக்கலாம், எதில் எழுதலாம் என்று தனித்தனியாக வரையறுக்க முடியும். வேர்செலைப் பயன்படுத்துவோர் காலாவதித் திகதி இல்லாத டோக்கனை ஒருபோதும் உருவாக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. காலாவதியாகும் நாளைக் குழுவின் நாட்காட்டியில் குறித்தும் வையுங்கள். போகம் தொடங்கும் வாரத்தில் அது வந்து விழுந்தால் சிரமம்.

பதிப்பு விடயம் எளியது. ஆவணங்களிலும் வழிகாட்டிகளிலும் ‘லேட்டஸ்ட்’ என்றே நிறுவச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால், நேற்றுத் தேறிய ஓட்டம் இன்று நாம் எதையும் தொடாமலே வேறுவிதமாக நடக்கலாம். கருவியைச் செயற்றிட்டத்தின் விருத்திச் சார்புகளில் ஒன்றாகச் சேர்த்து, பூட்டுக் கோப்பில் குறித்த பதிப்பையே ஓட்டியில் பயன்படுத்துவது சரியான வழி. நிறுவனம் 2020இல் ஸைட் என்ற பெயரை விட்டு வேர்செல் ஆனது. அதற்கு முன் கட்டளையின் பெயரே ‘நவ்’ என்றுதான் இருந்தது. பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

கட்டளை வரிக்கு மாறுபவர்கள் கிட்ஹப் இணைப்பைத் துண்டிக்காமல் விட்டால் ஒரே புஷ்ஷுக்கு இரண்டு வெளியீடுகள் நடக்கும். இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 100 வெளியீடுகள் என்ற வரம்பு வேறு இருக்கிறது. செயற்றிட்டத்தின் அமைப்புகளைக் குறிக்கும் வேர்செல் ஜேசன் கோப்பில் கிட் வழி வெளியீட்டுக்கான அமைப்பு ஒன்று உண்டு; அதனைப் பொய் (ஃபோல்ஸ்) என்று இட்டுவிட்டால் அந்த வெளியீடு நின்றுவிடும். வெளியாரின் பிரதிக் களஞ்சியத்திலிருந்து வரும் புல் ரிக்குவெஸ்ட்டுகளுக்குக் கிட்ஹப் இரகசியங்களைக் கொடுப்பதில்லை என்பதால் அங்கே டோக்கன் வெறுமையாக இருக்கும், முன்னோட்டமும் எழாது. அது குறையன்று, காவல். அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்தோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்தோ மாணவர்கள் பங்களிக்க முன்வந்தால், பரிசோதனைகளை மட்டும் ஓடவிட்டு, இணைத்த பின் முன்னோட்டம் பார்ப்பதாக ஒழுங்கு செய்யலாம்.

செலவைப் பொறுத்தவரை, வேர்செலின் ஹொபி திட்டம் இலவசமானது. ஆயினும் தனிப்பட்ட, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் உரியது. பணம் வாங்கிச் செய்யும் வேலை என்றால் மாதத்துக்கு ஆளொருவருக்கு 20 டொலர் விலையுள்ள ப்ரோ திட்டத்துக்குப் போக வேண்டும். இங்குள்ள சிறு கடைக்கோ ஆலைக்கோ இணையத்தளம் செய்து கொடுப்பவருக்கு அந்தத் தொகை சிறியதன்று, அதை டொலரில் அட்டை மூலம் கட்டவும் வேண்டும். வாடிக்கையாளரிடம் விலை பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசுங்கள். கிட்ஹப் அக்சன்ஸ், பொதுக் களஞ்சியங்களுக்கு இலவசம். தனியார் களஞ்சியத்துக்கு இலவசக் கணக்கில் மாதம் 2000 நிமிடங்கள் கிடைக்கும். எமது அளவுக்கு அது தாராளம்.

சேர்வர் பக்கத்தில் இயங்கும் நிரல்கள் எங்கே ஓடுகின்றன என்பதையும் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் எதுவும் குறிப்பிடாவிட்டால் அவை அமெரிக்காவின் வொஷிங்டன் பகுதியில் ஓடும். முல்லைத்தீவில் ஒருவர் நீர்மட்டத்தைப் பார்க்க அத்தனை தூரம் போய்வருவது வீண். வேர்செல் ஜேசன் கோப்பில் மும்பை அல்லது சிங்கப்பூர்ப் பகுதியைக் குறித்துவிடலாம். தரவுத்தளமும் அதே பகுதியில் இருந்தாற்றான் முழுப் பயன் கிட்டும்.

கடைசியாக, பின்வாங்கல். பிழையான அட்டவணை வெளியாகிவிட்டால் ‘வேர்செல் ரோல்பேக்’ கட்டளை எதையும் மறுபடி கட்டாமல், ஏற்கெனவே இருக்கும் பழைய வெளியீட்டுக்குத் தளத்தின் முகவரியைத் திருப்புகிறது. அதனால் நொடிப்பொழுதில் முடிகிறது. இலவசத் திட்டத்தில் உடனடி முந்தைய வெளியீட்டுக்கு மட்டுமே திரும்பலாம். பின்வாங்கிய பிறகு, புதிய மெய்வெளியீடுகளுக்குத் தளத்தின் முகவரி தானாக மாறுவது நிறுத்திவைக்கப்படும் என்பதையும் குழுவில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். இல்லையேல், திருத்தத்தைத் தள்ளி ஓட்டம் பச்சையாக முடிந்த பின்பும் பழைய பக்கமே தெரிவதன் காரணம் புரியாது. ‘வேர்செல் ப்ரமோட்’ கட்டளையால் சரியான வெளியீட்டை உயர்த்தும்போதே வழமை திரும்பும். இந்த இரண்டையும் தனித்தனி ஓட்டங்களாக எழுதி, கையால் தொடக்கக்கூடிய தூண்டலை வைத்துவிடுங்கள். அப்போது மடிக்கணினியில் மின்கலம் தீர்ந்துபோன ஒருவர்கூட, கைத்தொலைபேசியின் உலாவியில் கிட்ஹப்பைத் திறந்து பொத்தானை அழுத்தியே பிழையான திகதியை இறக்கிவிட முடியும்.